பிள்ளை நோய்க்குத் தாய் உண்ட மருந்து

பிள்ளை லோகாசாரியர் இயற்றிய அர்த்தபஞ்சகம் அளவிற் சிறியதொரு நூல். இறைவனை அடைதற்குரிய வழிகள் ஐந்து அதன்கண் கூறப்பட்டுள்ளன. கருமம், ஞானம், பத்தி, பிரபத்தி என்னும் நான்கனையும் கூறியபின் ஐந்தாவதாக ஆசாரியாபிமானம் என்பதனை ஆசிரியர் விளக்குகின்றார். முன்னைய நான்கில் ஒன்றற்கும் ஆற்றலில்லாத ஒருவன்பொருட்டு ஆசிரியர் தாமே முயன்று அவனைக் காக்கும் நெறி இது. இதனை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உவமை மிக எளியது. பால் குடிக்கும் குழவிக்கு நோய் வந்தவிடத்துத் தாய் அதனைத் தன் குறையாகவே எண்ணித் தான் மருந்துண்கின்றாள். ஆசிரியர் செயலும் அத்தகையது என்கின்றார்.

வைணவ நூல் பயில்வோர் இவ்வுவமையைப் பலகாலும் கேட்டிருப்பர். கேட்டுக் கடந்தும் இருப்பர். நின்று நோக்குவார்க்குச் சில வினாக்கள் எழும். நோய் ஒருவர்க்கும் மருந்து மற்றொருவர்க்கும் ஆவது எங்ஙனம்? இஃது உவமைக்கெனப் புனைந்து கொண்டதா, உலகில் உள்ள வழக்கா? வழக்காயின் அதனை வகுத்த நூல் யாது? குழவியின் நோயைத் தாய் தன் குறையென நினைத்தற்குக் காரணம் என்னை? நோயுற்றவள் தாயே யாயின் பாலூட்டல் என்னாம்? சமய நூலொன்றில் ஒரு தொடராக நிற்கும் உவமைக்குப் பின்னே பாலூட்டும் மகளிர் வரலாறு ஒன்று நீண்டு கிடத்தலின், இவ்வினாக்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்தல் பயனுடைத்து.

உவமையின் வேரைக் காணவேண்டுவோர் திருவரங்கத்தினின்றும் வடகிழக்கே, கொள்ளிடம் கடந்து, காட்டுமன்னார்கோயிலுக்கு வருதல் வேண்டும். இன்று கடலூர் மாவட்டத்தில் வட்டத் தலைமையிடமாக விளங்கும் இவ்வூர் பண்டு வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றிருந்தது. வீரநாராயணன் என்பது 907இல் அரியணை ஏறிய முதற் பராந்தக சோழனின் விருதுப்பெயர். வீராணம் ஏரியும் அப்பெயராலேயே வழங்குகின்றது. இவ்வூரின் ஒரு பகுதியாகிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிற் சுவரில், ஆதித்த கரிகாலனைக் கொன்றாரைப் பற்றிய இராசராசன் காலத்துக் கல்வெட்டு உள்ளமையின் வரலாற்று மாணவர்க்கு ஊர் புதியதன்று. இலக்கிய மாணவர்க்கோ அதனினும் நெருங்கிய உறவுடையது. ஆழ்வார் பாடல்களைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் இது. மன்னனார் கோயிலுக்கு வந்த அடியார்கள் 'ஆராவமுதே' எனத் தொடங்கும் பதிகத்தைப் பாட, ஆயிரத்துள் இப்பத்து என அதன் இறுதியில் வந்தமை கேட்டு, எஞ்சிய பாட்டெல்லாம் எங்கே என நாதமுனிகள் குருகூர்க்குச் சென்றார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. தேவாரம் முதலியவற்றைத் திருமுறையாக வகுத்த நம்பியாண்டார் நம்பியின் திருநாரையூரும் இவ்வட்டத்தின்கண்ணதே. சைவ வைணவப் பெருந்தொகைகள் இரண்டும் ஒரு வட்டத்தில் தோன்றிய இருவர் கையால் நமக்குக் கிடைத்தன என்பதனை நம் இலக்கிய வரலாறுகள் போதிய அளவு வற்புறுத்தவில்லை.

நாதமுனிகளின் பெயரரே ஆளவந்தார் எனப்படும் யாமுனாசாரியர். அவரைச் சமயநெறிக்கு ஈர்த்த கதை ஈண்டு நினைத்தற்குரியது. அரசச் செல்வத்தில் இருந்த ஆளவந்தாரைக் காணுதற்கு வாயில் பெறாத மணக்கால் நம்பி, அடிசிற்சாலையில் நாள்தோறும் தூதுவளைக் கீரை கொண்டுவந்து தந்தார். ஆறு திங்கள் கழித்துத் தருவதை நிறுத்தினார். கீரை வாராமை கண்டு வினவிய ஆளவந்தார் அவரை அழைத்தார் என்பர். தூதுவளை சளிக்கும் இருமலுக்கும் நம் இல்லங்களில் ஆக்கும் கீரை. உணவென எண்ணி மாணவர் உண்டது ஆசிரியர் கருதிய மருந்து. கதை வரலாறாகுமா என்பது வேறு வினா. உண்பிப்பவராக ஆசிரியரைக் காணும் பார்வை இம்மரபில் தொடக்கத்திலேயே உண்டு என்பதற்கு இது சான்று.

இனி, உவமையின் வளர்ச்சியை நோக்குவோம். குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில், வித்துவக்கோட்டு இறைவனைப் பாடும் பதிகத்தில், இரண்டு உவமைகள் தனித்தனியே வருகின்றன. ஒன்று, ஈன்றவள் வெகுண்டு தள்ளியபோதும் அவள் அருளையே நினைந்து அழும் குழவி. மற்றொன்று, அறுத்துச் சுட்டாலும் மருத்துவன்பால் அன்பு நீங்காத நோயாளன். தாயும் மருத்துவனும் ஒரே பதிகத்தில் வெவ்வேறு பாட்டில் நிற்கின்றனர், இன்னும் ஒருவராகவில்லை. அடுத்து, ஆளவந்தார் தம் தோத்திர ரத்தினத்தின் 26ஆம் சுலோகத்தில், சினத்தால் விலக்கப்பட்டாலும் தாயின் அடியை விட விரும்பாத பால்குடிச் சிசுவைக் கூறுகின்றார். ஆழ்வாரின் தமிழ் உவமை வடமொழியில் இறங்கிய இடம் இது என்பது வெளிப்படை. ஆயினும் ஒரு சொல் புதிது. குழவி எனப் பொதுப்படக் கூறாது 'ஸ்தநந்தய' என்றார். முலையுண்பது என்பது அதன் பொருள். அச்சொல்லையே மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் பிள்ளை லோகாசாரியர் அர்த்தபஞ்சகத்தில் ஆள்கின்றார். காட்டுமன்னார்கோயிற் பேராசிரியரின் சொல், மரபு வழியே திருவரங்கத்தை அடைந்து அங்கு வேறு பொருட்பயன் பெற்றது.

வேறு பயன் யாதெனின், முன்னைய இரண்டிலும் செயல் குழவியினுடையது. அது அழுகின்றது, பற்றுகின்றது, விடாது நிற்கின்றது. தாயோ வெகுண்டு தள்ளுகின்றாள். பிள்ளை லோகாசாரியர் உவமையில் குழவி ஒன்றும் செய்வதில்லை. அழுததாகக் கூட அவர் கூறவில்லை. செயல் முழுவதும் தாயின்மேற்று. நோயைக் கண்டவளும் அவள், குறையை ஏற்றவளும் அவள், கசப்பை உண்டவளும் அவள். உயிரின் முயற்சியை நோக்காது அருளே முந்துறும் என்னும் தென்கலைக் கொள்கைக்கு இத்திருப்பம் எத்துணைப் பொருத்தமுடையது என்பது சொல்லாமலே விளங்கும். பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்லும் உவமையையே இக்கொள்கைக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் கூறுவர். அதனினும் நுட்பமுடையது இதுவே என்பது எம் கருத்து. பூனை குட்டியைச் சுமக்கின்றதேயன்றிக் குட்டிக்காக ஒன்றனையும் தான் துய்ப்பதில்லை. நம்மாழ்வாரை ஈன்ற தாயாகவும் இராமாநுசரை வளர்த்த தாயாகவும் போற்றும் பராசர பட்டரின் தனியனும் இவ்விடைக்காலத்ததே.

இத்திருப்பம் வெறுங் கற்பனையால் வந்ததன்று. அதற்கு நிலைக்களமாக மருத்துவ நூல் ஒன்று இருந்தது. சுசுருத சங்கிதையின் சாரீரத்தானம் பத்தாம் இயல் மகப்பேற்றையும் குழவி வளர்ப்பையும் பற்றியது. அந்நூல் குழவியரை மூவகைப்படுத்தும்: பால் மட்டும் உண்போர், பாலும் சோறும் உண்போர், சோறு உண்போர். மருந்து தரும் முறையும் அவ்வகையானே வேறுபடும். சோறுண்ணும் பிள்ளைக்கு மருந்து பிள்ளைக்கே. பாலும் சோறும் உண்ணும் பிள்ளைக்காயின் பிள்ளைக்கும் பாலூட்டுவாளுக்கும். பால் மட்டும் உண்ணும் குழவிக்கோ பாலும் நெய்யும் கலந்து சிறிதே தந்து, ஊட்டுவாளுக்கு அம்மருந்தைத் தனியே தருதல் வேண்டும் என்பது விதி. மருந்தை அரைத்து முலையிற் பூசிக் குழவியைச் சுவைக்கச் செய்தலும் அவ்வியலில் ஓதப்பட்டுள்ளது. ஆகவே 'தான் மருந்துண்ணும் தாய்' உலகில் இருந்தவளே, நூலில் விதிக்கப்பட்டவளே.

மருந்து பூசிய முலை என்றவுடன் ஆழ்வார்கள் ஓயாது பாடும் பூதனையின் நினைவு வருதல் இயல்பு. அவள் பூசி வந்தது நஞ்சு. நஞ்சு பூசி ஊட்டிய பேய்த்தாயின் கதையை விரும்பிக் கேட்ட மக்கள், மருந்து பூசி ஊட்டிய தாயரைத் தம் இல்லங்களில் கண்டவராதல் வேண்டும். கதையின் கொடுமை முழுவதும் தெரிய, நடைமுறையின் பரிவையும் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

பௌத்த நூலிலும் இந்நடைமுறையின் நிழல் உண்டு. மகாயான மரபினதாகிய மகாபரிநிருவாண சூத்திரத்தில் ஓர் உவமைக்கதை வருகின்றது. பிணியுற்ற குழவிக்கு மருந்து தந்த மருத்துவன், அம்மருந்து செரிக்குங்காறும் பால் கொடுத்தல் ஆகாது என்கின்றான். தாய் தன் முலையிற் கசப்பைப் பூசி, நஞ்சு பூசியிருக்கிறது தொடாதே என்கின்றாள். மருந்து செரித்தபின் கழுவிவிட்டு அழைக்கின்றாள். குழவி அஞ்சி வர மறுக்கின்றது. மருந்து செரியாத குழவிக்குப் பாலூட்டலாகாது என்னும் கருத்து சுசுருதத்திலும் உண்டு. ஒரே மருத்துவ வழக்கிலிருந்து பௌத்தர் போதனையின் காலமுறையை விளக்கும் உவமையைக் கொண்டனர். வைணவர் ஆசிரியர் அருளை விளக்கும் உவமையைக் கொண்டனர். விமலகீர்த்தி சூத்திரத்தில், மகன் நோயுறின் பெற்றோரும் நோயுறுவர் என்னும் உவமை உள்ளது. அங்கே நோய் பகிரப்படுகின்றது. அர்த்தபஞ்சகத்தில் மருந்து ஏற்கப்படுகின்றது.

வைணவ ஆசிரியர்க்கு மருத்துவ நூலறிவு எங்ஙனம் வாய்த்தது என வினவலாம். திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திரன் (1063-1070) காலத்துக் கல்வெட்டொன்று பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும், அங்கிருந்த மருத்துவனையும், மருந்து அடும் பெண்டிரையும், சேமித்து வைத்த மருந்துகளின் பெயர்களையும் குறிக்கின்றது. வேதம் ஓதும் மாணவரும் அக்கோயிலைச் சார்ந்தே வாழ்ந்தனர். வைணவக் கோயிலும் மருத்துவசாலையும் ஒரு மதிலுக்குள் இருந்த காலம் அது. பிள்ளை லோகாசாரியர்க்கு இரு நூற்றாண்டு முன்னரே நிலை இதுவாயின், உவமை அவர்க்கு அயலிலிருந்து வந்ததாகக் கொள்ளுதல் வேண்டா.

இனி வருவது கடினமான பகுதி. தாய் 'தன் குறையாக' நினைத்தாள் என்னும் தொடர் கேட்போர் உள்ளத்தை உருக்கவல்லது. ஆயின் மருத்துவ நூலில் அஃது உருக்கமன்று; குற்றச்சாட்டு. சரகர் பாலின் குற்றம் எட்டென வகுத்தார். வளி முதலிய மூன்றும் தாயின் உணவாலும் ஒழுக்கத்தாலும் கெட்டுப் பாலைக் கெடுக்க, கெட்ட பால் குழவிக்கு நோய் செய்யும் என்பது கொள்கை. பாலை நீரில் விட்டுச் சோதிக்கும் முறை நூலில் உண்டு: வெண்மையாய், தண்மையாய், மிதவாது ஆழாது நீரோடு ஒன்றிக் கலப்பது நற்பால். தமிழ் மருத்துவ நூலாகிய பாலவாகடமும் மாந்தம், கணம், தோடம் எனப் பிள்ளைப்பிணிகளை விரித்துரைக்கும். பிள்ளைக்கு வயிறு பொருமினால் தாய் தின்றதைக் கேட்பதும், சளி பிடித்தால் தாய் தலைமுழுகிய நாளைக் கேட்பதும் இன்றும் மறையாத வழக்கம். பிள்ளை லோகாசாரியர் செய்தது, ஒருத்தியின்மேல் பிறர் ஏற்றிய பழியை அவள் தானே ஏற்ற பரிவாக மாற்றியமை. ஆசிரியர்க்கு அஃது அழகு. தாய்க்கு அஃது எப்பொழுதும் தானே ஏற்றதாக இருந்திராது.

இதனினும் இன்றியமையாதது மற்றொன்று. எவ்வெவர் பாலைக் குழவிக்கு ஊட்டலாகாது என்பதற்குச் சுசுருதர் ஒரு நிரல் தருகின்றார். பசித்தவள், துயருற்றவள், களைத்தவள், காய்ச்சலுற்றவள், சூலுற்றவள், மிக மெலிந்தவள், மிகப் பருத்தவள் முதலியோர் விலக்கப்பட்டனர். காய்ச்சலுற்ற தாய் பாலூட்டலாகாது என்பது அந்நூலின் முடிபு. அவ்வாறாயின் குழவிக்குப் பால் எங்கிருந்து வரும்? நூல் அதற்கும் விடை வைத்துள்ளது: செவிலியைத் தேர்ந்துகொள்க என்பது. செவிலியின் அகவை, குணம், முலையமைப்பு எல்லாம் அங்கே கூறப்பட்டுள்ளன. நம் இலக்கணிகள் ஆட்டுவாள், ஊட்டுவாள், ஓலுறுத்துவாள், நொடிபயிற்றுவாள், கைத்தாய் எனச் செவிலியரை ஐவராக்கினர். ஐவரை வைத்துப் போற்றும் மனை எத்துணை மனை? மருத்துவ விதி மாடத்து மகளிர்க்கு எழுதப்பட்டது. குடிசையில் காய்ச்சலோடு கிடந்தவள் அவ்விதியைக் கேட்டிருப்பின், குழவியைப் பட்டினி போடுவதன்றி அவளுக்கு வேறு வழியில்லை.

சங்கப் பாடல்கள் இவ்விடத்தில் நமக்குப் பெருந்துணை. அவற்றில் பாலூட்டுவாள் பொதுமையாக்கப்பட்ட 'தாய்' அல்லள். உடம்பும் உடையும் உடைய ஒருத்தி. புனிறு என்னும் சொல்லுக்கு ஈன்ற அணிமை எனத் தொல்காப்பியர் பொருள் கூறினார். நற்றிணை 380இல் தலைவி புகையும் நெய்யும் படிந்த அழுக்குடையோடு, பால் சுரந்து வழியப் புதல்வனைத் தழுவிப் புனிற்று நாற்றத்தோடு நிற்கின்றாள். நற்றிணை 355இல் காந்தட்குலை வாழை மடலில் தோயும் காட்சிக்கு, குழவியின் வாயில் முலையைச் சேர்க்கும் தாயின் கை உவமையாகின்றது. புறநானூற்றில் குமணனைப் பாடிய இருவர் பாட்டுகளோ சுசுருதர் விலக்கிய அவளையே நம் முன் நிறுத்துகின்றன. பெருஞ்சித்திரனாரின் 160ஆம் பாட்டில் பாலற்ற முலையைச் சுவைத்துப் பெறாத மகன் வெறுங்கலத்தைத் திறந்து பார்த்து அழ, தாய் புலியைக் காட்டி அச்சுறுத்தியும் திங்களைக் காட்டியும் ஆற்றுகின்றாள். பெருந்தலைச் சாத்தனாரின் 164ஆம் பாட்டில் அடுப்பில் காளான் பூத்திருக்கின்றது; வற்றிய முலையைச் சுவைக்குந்தோறும் அழும் மகவின் முகத்தை அவள் நோக்குகின்றாள், அவள் முகத்தைக் கணவனாகிய புலவன் நோக்குகின்றான். பசித்தவள், துயருற்றவள், மெலிந்தவள் எல்லாம் ஒருத்தியே. அவள் ஊட்டுவதை நிறுத்தவில்லை. குறை அவளது அன்று என்பதனைப் புலவர் அறிவர்; ஆதலின் அவர் மருத்துவனை நாடாது வள்ளலை நாடினார்.

தில்லைப் பக்கமும் பாலின்றி அழுத பிள்ளையின் கதை ஒன்று உண்டு. புலிக்கால் முனிவர் எனப்படும் வியாக்கிரபாதரின் மகன் உபமன்னியு, வசிட்டர் மனையில் ஆனின் பாலுண்டு வளர்ந்து, தில்லைக்கு வந்தபின் அப்பாலுக்கு அழ, கூத்தப்பெருமான் பாற்கடலை ஈந்தான் என உமாபதி சிவாசாரியரின் கோயிற்புராணம் கூறும். மகாபாரத அநுசாசன பருவத்தில் இக்கதை வரும்போது, மாவைக் கரைத்துப் பால் எனத் தாய் கொடுத்தமையும், சுவை வேறுபாடறிந்து பிள்ளை மறுத்தமையும் சொல்லப்படுகின்றன. (துரோணன் மகன் அசுவத்தாமனுக்கும் அந்நூல் மாவுநீர்க் கதையையே கூறும். மாற்றுப்பாலின் வரலாறு எழுதப்புகுவார் இவ்விரண்டிலும் தொடங்கலாம்.) சீகாழியில் மூன்றாண்டுப் பிள்ளை வாயில் பால் வழியக் கண்ட தந்தை, எவர் தந்த எச்சிற்பால் எனக் கோல் ஓச்சி வினவியதைச் சேக்கிழார் பாடினார். அயலார் பாலின்பால் இருந்த அச்சம் அக்கோலில் தெரிகின்றது. அவ்வூர்த் தலத்தில் அருளியதாகக் குறிக்கப்படும் பிடித்த பத்தில் மணிவாசகர், குழவி கேளாமுன்னரே பருவம் நினைந்து ஊட்டும் தாயை இறைவனுக்குக் கீழாக வைக்கின்றார். குழவியின் நினைவே பால் சுரத்தற்குக் காரணம் எனச் சுசுருதரும் எழுதினார். பாலூட்டிய மகளிர் இருவர்க்கும் முன்னரே இதனை அறிவர்.

உவமை நூலில் நின்றுவிட, வழக்கம் ஊரில் தொடர்ந்தது. வீராணத்துப் பாசன ஊர்களில் நடவுக்குச் செல்வோர் வரப்போரத்து மரக்கிளையில் தூளி கட்டிப் பிள்ளையைக் கிடத்துவர். வெயிலில் நின்று வந்தவள் முதற்பாலைச் சிறிது பீய்ச்சிவிட்டுப் பின்னரே ஊட்டுவாள். களைத்தவள் பால் ஆகாது என்னும் நூற்கருத்துக்கும் நடவுக்கூலிக்கும் இடையே அவர்கள் கண்ட உடன்படிக்கை அது. பிள்ளைக்கு மாந்தம் என்றால் தாய்க்குப் பத்தியம். வசம்பும் சுக்கும் மாசிக்காயும் உரைகல்லில் இழைத்துத் தரும் உரைமருந்துக்குத் தாய்ப்பாலே குழைபொருள். பரங்கிப்பேட்டை, கடலூர்க் கரையோரத்தில் பால் சுரக்கச் சுறாப்புட்டு, உள்நாட்டில் பூண்டு. பால் கட்டிக்கொண்டால் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவர். இதனை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் ஆய்ந்து, பால் சுரப்பைக் குறைப்பதில் மல்லிகை மருந்துக்கு இளைத்ததன்று என 1988இல் வெளியிட்டனர்.

பத்தியத்தைப் பற்றி ஒரு சொல். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது பழமொழி. பத்தியத்தின் கொள்கையோ பாலூட்டும் காலத்தில் வாயும் வயிறும் ஒன்று என்பது. அக்கொள்கையால் பருப்பும் பழமும் மீனும் மறுக்கப்பட்டு, மிளகுநீரும் சோறுமாய்க் கிடந்த பிள்ளை பெற்ற மகளிர் எண்ணிறந்தவர். குழவியின் நோய்க்கு மருந்தென்று கூறித் தாயை மெலிவித்து, பின் மெலிந்தவள் பால் ஆகாது என்றும் கூறுவது எவ்வாறு பொருந்தும்? உவமையைப் போற்றும் நாம் இதனையும் மறைக்கலாகாது.

இக்கால மருத்துவ அறிவு பழங்கொள்கையை இரண்டாகப் பிளந்துவிட்டது. தாய் உண்பது பாலிற் கலக்கும் என்னும் பகுதி உண்மை. ஆயின் பெரும்பாலான மருந்துகள் மிகச் சிறிதே கலப்பன ஆதலின், தாய்க்குத் தந்து பிள்ளையின் நோயைத் தீர்த்தல் பெரும்பாலும் இயலாது. நோயுற்றவள் பால் கெட்டது என்னும் பகுதி ஏறக்குறைய முழுதும் வீழ்ந்தது. சளி, காய்ச்சல் போன்ற பொதுநோய்களில் தாயின் உடல் அந்நோய்க் கிருமிக்கெதிராக ஆக்கும் காப்புப்பொருள் பால்வழியே குழவிக்குச் செல்கின்றது. காய்ச்சலுற்றவள் ஊட்டுதலை நிறுத்தினால் குழவி இழப்பது உணவு மட்டுமன்று. அந்நோய்க்குரிய காப்பும் ஆகும். குழவிக்கு வயிற்றுப்போக்கு வந்த காலத்தும் ஊட்டுதலை நிறுத்தலாகாது என்பதே இன்றைய முடிபு. 2020இல் கொரோனா தொற்று பரவியபோதும் உலக நலவாழ்வு நிறுவனம் தாயையும் குழவியையும் பிரியாது வைத்துப் பாலூட்டலைத் தொடரவே அறிவுறுத்தியது.

எல்லா நோயும் அவ்வாறல்ல என்பதற்கு இரண்டு நோய்கள் சான்று. ஒன்று காசநோய். பாலால் பரவுவதன்று, மூச்சால் பரவுவது. ஆயினும் காசமுற்ற தாயைக் குழவியினின்றும் பிரித்துச் சானடோரியத்துக்கு அனுப்புவதே நெடுங்காலம் நெறியாக இருந்தது. சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவ ஆய்வு நிலையத்தார், ஏறத்தாழ 200 நோயாளரை வீட்டிலிருந்து மருந்துண்போர், சானடோரியத்தில் தங்குவோர் என இரு கூறாக்கி ஓராண்டு நோக்கினர். நெரிசலான வீடுகளில், போதிய உணவின்றி, மருந்தை மட்டும் ஒழுங்காக உண்டோரும் ஏனையோரைப் போலவே குணமடைந்தனர் என்பது 1959இல் வெளிவந்த முடிபு. உடனுறைவோர்க்கு அதனால் மிகுதியான தீங்கு நேரவில்லை என்பதும் பின்னர்க் காட்டப்பட்டது. அவ்வாய்வு பாலூட்டலைப் பற்றியதன்று. ஆயினும் அதன்பின் உலகெங்கும் சானடோரியங்களின் தேவை குறைந்தது. காசமுற்ற தாய் மருந்துண்டுகொண்டே பிள்ளையோடு தன் வீட்டில் இருக்கலாயிற்று. இன்று அத்தகைய தாய் பாலூட்டலைத் தொடர்வதும், வேண்டியவிடத்துக் குழவிக்குத் தடுப்பு மருந்து தருவதும் நெறி.

மற்றொன்று எச்.ஐ.வி. இந்தியாவில் இத்தொற்று 1986இல் சென்னையில் முதன்முதற் கண்டறியப்பட்டது. இங்குப் பாலே நோயின் வழி. சுசுருதர் அஞ்சியது இந்நோயில் உண்மையாயிற்று எனலாம். பாலை நிறுத்துக என்றனர் முதலில். தூய நீரும் விறகும் பணமும் இல்லாத வீடுகளில் மாற்றுப்பால் உண்ட குழவியர் வயிற்றுப்போக்காலும் சளிக்காய்ச்சலாலும் மடிந்தமை கண்டு அக்கருத்து தளர்ந்தது. மாவுநீர் உண்ட உபமன்னியுவின் நிலை மீண்டும் வந்தது போலும். 2010இல் உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த நெறியில், பாலூட்டுங்காலம் முழுதும் குழவிக்கு நாள்தோறும் மருந்து தருவது ஒரு வழி. தாய் மருந்துண்டு, அதனால் பால் வழியே நோய் செல்லாமல் தடுப்பது மற்றொரு வழி. சில ஆண்டுகளில் இரண்டாவதே விரிந்து, தாய் தன் வாழ்நாள் முழுதும் மருந்துண்ணும் முறையாக நிலைபெற்றது. இந்தியாவும் அதனை மேற்கொண்டுள்ளது.

அர்த்தபஞ்சகத்து உவமையில் நோய் குழவியது, தாய் நலமுடையவள். இம்முறையில் நோய் தாயினது, குழவிக்கு நோயில்லை. குழவிக்கு நோய் வாராமையே அவள் உண்ணும் மருந்தின் ஒரு பயன். மற்றொரு பயன் அவள் உயிர்வாழ்தல். திருவரங்கத்து ஆசிரியர் அதனைக் கூறவில்லை. உவமைக்கு அது வேண்டப்படவில்லை.